கல்வெட்டு வாய்மூடும் இடம்

1892 ஆகஸ்ட் 12 அன்று தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி பிறந்தார். மூன்று நாள் கழித்து, கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பயத்தில் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் பிறந்தார். இருவரும் ஒரே அரச வமிசத்தின் வரலாற்றை, ஏறத்தாழ ஒரே மூலங்களைக் கொண்டு, இரண்டு மொழிகளில் எழுதினார்கள். சாஸ்திரியாரின் ஆங்கில நூலான ‘தி சோழாஸ்’ 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ 1949, 1951, 1961 என மூன்று பகுதிகளாக அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. மூன்றாம் பகுதி வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1960 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

சாஸ்திரியாரே மூல ஆய்வாளர், பண்டாரத்தார் அதைத் தமிழில் சுருக்கித் தந்தவர் என்று சொல்பவர்கள் உண்டு. சாஸ்திரியார் வடமொழிச் சார்புடையவர், பண்டாரத்தாரே நம்மவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரு சாராரும் இரண்டு நூல்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தவர்களாகத் தெரியவில்லை. அப்படிப் படித்தால், ஆதாரம் தெளிவாக இருக்கும் இடங்களில் இருவரும் அநேகமாக ஒன்றையே சொல்வதைக் காணலாம். ஆண்டு, போர், பட்டப்பெயர், தானம் எல்லாம் ஒத்துப்போகும். ஆதாரம் பாதியில் நின்றுவிடும் இடத்தில்தான் இவர் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் போகிறார்கள். இருக்கிற ஆராய்ச்சிகளையும் சான்றுகளையும் வைத்து ஒரு வரலாற்று நூல் எழுதுவது என்றால் என்ன என்று கேட்பவருக்கு நான் காட்டக்கூடிய நல்ல பாடம் அந்த இடங்களில்தான் இருக்கிறது.

முதலில், இருவர் மேசை மீதும் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1886இல் சென்னை மாகாணத்துக்கு ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் அரசுக் கல்வெட்டாய்வாளராக வந்தார். அதன்பின் ஆண்டுதோறும் ஊர் ஊராகச் சென்று கோயில் சுவர்களில் மை ஒற்றிப் படியெடுத்தார்கள். படியெடுத்தவற்றின் சுருக்கம் ஆண்டறிக்கையில் வரும். முழு வாசகம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகளிலோ ‘எபிகிராபியா இந்திகா’விலோ பின்னால் வரும், பல வாசகங்கள் வரவே இல்லை. ஆகவே சோழர் வரலாறு எழுத உட்கார்ந்தவருக்கு ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள் இரண்டு மூன்று வரி ஆங்கிலச் சுருக்கமாக மட்டுமே கிடைத்தன. சுருக்கத்தை எழுதியவர் எதை முக்கியம் என்று நினைத்தாரோ அதுதான் அதில் இருக்கும்.

அடுத்த சிக்கல் ஆண்டுக் கணக்கு. சோழர்கள் சக ஆண்டை அபூர்வமாகவே குறித்தார்கள். ‘இன்ன அரசருக்கு யாண்டு இத்தனையாவது’ என்பதே வழக்கம். அரசர் பெயரும் பல கல்வெட்டுகளில் இராசகேசரி அல்லது பரகேசரி என்பதோடு நின்றுவிடும். இவை மாறி மாறி வரும் பட்டங்கள். பாட்டனும் பேரனும் ஒரே பட்டத்தில் இருப்பார்கள். ‘கோப்பரகேசரிக்கு யாண்டு 5’ என்று மட்டும் இருந்தால் அது முதல் பராந்தகனா, உத்தம சோழனா, வேறொருவனா என்று எழுத்தின் வடிவத்தையும் உடன் வரும் அதிகாரிகளின் பெயரையும் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஜெர்மானிய அறிஞர் கீல்ஹார்ன் கல்வெட்டில் வரும் நட்சத்திரம், கிழமை, பட்சம் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பல அரசர்களின் ஆட்சித் தொடக்கத்தை நிறுவினார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் இரண்டு நூல்களுக்குமே முதுகெலும்பு கிடையாது. வரலாற்று நூலின் பெருமை முழுவதும் அட்டையில் பெயர் உள்ளவருக்கே போய்விடுகிறது என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

சாஸ்திரியார் இந்த மேசைக்குப் பல்கலைக்கழக வழியாக வந்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரி, காசி இந்துப் பல்கலைக்கழகம், சிதம்பரம் என்று ஆசிரியப் பணி செய்து, 1929இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாறு, தொல்லியல் துறைப் பேராசிரியரானார். அதே ஆண்டு பாண்டியர் பற்றிய நூல் வெளிவந்தது; 1932இல் சோழர் ஆட்சிமுறை பற்றிய ஆய்வுகள். அதாவது பெரிய நூலுக்கு முன்பே சிறிய நூல்களில் சில்லறைச் சிக்கல்களைத் தீர்த்துக்கொண்டார். உத்தரமேரூர்க் கல்வெட்டுகளைத் தாமே பதிப்பித்து ஆராய்ந்தார். அவர் மனக்கண் முன் இருந்த வாசகர் லண்டனிலோ கல்கத்தாவிலோ பாரிசிலோ இருக்கும் இன்னொரு வரலாற்றாசிரியர். இந்திய வரலாறு என்றாலே கங்கைக் கரை என்றிருந்த காலத்தில், தெற்கேயும் ஒரு பேரரசு இருந்தது என்று அந்த வாசகருக்கு நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அவர் எழுத்தின் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பண்டாரத்தார் கும்பகோணத்தில் கால் நூற்றாண்டு உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர். 1942இல்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதற்குள் முதற் குலோத்துங்கன் பற்றி 1930இலும் பாண்டியர் பற்றி 1940இலும் நூல் எழுதிவிட்டார். அவர் பிறந்த திருப்புறம்பயத்தில்தான் ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் வரகுணனுக்கும் பல்லவன் அபராசிதனுக்கும் பெரும்போர் நடந்தது. பல்லவன் பக்கம் நின்ற கங்க மன்னன் பிருதிவீபதி அங்கேதான் விழுந்தான். சோழர் தலையெடுப்புக்கு வழிவிட்ட போர் அது. பணி செய்த ஊரிலிருந்து பழையாறையும் தாராசுரமும் நடந்து போகும் தூரம். ஆண்டறிக்கையில் ஒரு சிற்றூரின் பெயர் வந்தால், அது இன்று என்ன பெயரில் எந்த ஆற்றுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரியாவிட்டால் போய்ப் பார்த்துவிடுவார். அவருடைய வாசகரும் அதே ஊர்க்காரர்தான்: தமிழ் படித்தவர், தேவாரமும் கலிங்கத்துப்பரணியும் காதில் விழுந்தவர், ஆங்கில அறிக்கைகளைத் தொட வாய்ப்பில்லாதவர். அந்த வாசகருக்காக, கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசரின் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்திகளைப் பின்னிணைப்பில் முழுமையாகத் தந்தார். சாஸ்திரியாரின் நூலோ கே. வி. ராமன் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வர 1980களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் தமிழ் மட்டும் படித்தவருக்குச் சோழர் வரலாறு என்றால் பெரும்பாலும் பண்டாரத்தார்தான்.

இனி, இருவரும் பிரியும் இடம். உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம்.

காட்டுமன்னார்கோயிலில் உள்ள அனந்தீசுவரர் கோயில் சுவரில் அது இருக்கிறது. இராசகேசரியின் 2ஆம் ஆண்டு. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டமுள்ள இரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்ற பட்டமுள்ள பரமேசுவரன் ஆகியோரின் பெயர் சொல்கிறது. அவர்களுடைய நிலம் மட்டுமா? மக்கள், உடன்பிறந்தார், தாய்மாமன்மார், பெண் கொடுத்தவர் வரை உறவினர் நிலமெல்லாம் பறிமுதலாகி விற்கப்பட வேண்டும் என்று வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசன் ஓலை அனுப்புகிறான். அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் வாங்கித் தருமத்துக்கு விட்டார். அந்தத் தருமத்தைப் பதிவு செய்யத்தான் கல்வெட்டே வெட்டப்பட்டது. கொலை அதில் இடையில் வரும் செய்தி.

கல்வெட்டில் இராசராசன் என்ற பெயர் இல்லை. கொலையுண்டவன் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன். அவனுக்குப் பின் ஆண்ட உத்தமன் பரகேசரி. ஆகவே அடுத்த இராசகேசரி இராசராசன்தான் என்பது அனுமானம். வலுவான அனுமானம், இருவரும் ஏற்கிறார்கள். 985இல் பட்டத்துக்கு வந்தவனின் 2ஆம் ஆண்டு என்றால், கொலை நடந்து பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தக் கல்வெட்டை ‘எபிகிராபியா இந்திகா’வில் பதிப்பித்தவரே சாஸ்திரியார்தான். அவர் இதோடு திருவாலங்காட்டுச் செப்பேட்டைச் சேர்த்துப் படித்தார். ஆதித்தன் வானுலகைக் காண விரும்பி மறைந்தான், குடிமக்கள் அவன் தம்பி அருள்மொழியை, அதாவது பின்னாளைய இராசராசனை, அரசாளும்படி வேண்டினார்கள், சிற்றப்பனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தான் அதை மனத்தாலும் விரும்ப மாட்டேன் என்று அவன் மறுத்தான் என்கிறது செப்பேடு. ஆசைப்பட்டவன் உத்தமன்; அவன் ஆட்சி முழுவதும் கொலையாளிகள் தண்டிக்கப்பட்டதாகச் சான்று இல்லை; இராசராசன் வந்ததும் தண்டனை வருகிறது. ஆகவே உத்தமனுக்கு இதில் பங்கிருந்திருக்க வேண்டும் என்ற ஐயத்தைச் சாஸ்திரியார் எழுப்பினார். பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. உத்தமன் கொலைக்கு உடந்தையாக இருந்திருந்தால் குடிகளும் அதிகாரிகளும் அவனை அரியணையில் ஏற விட்டிருப்பார்களா, இராசராசன்தான் விட்டுக்கொடுத்திருப்பானா என்பது அவர் எண்ணப்போக்கு.

சாஸ்திரியாரின் வாதத்தில் எனக்குப் பிடித்தது, அது தன் இணைப்புகளை மறைப்பதில்லை. கல் எங்கே முடிகிறது, செப்பேடு எங்கே தொடங்குகிறது, ஊகம் எங்கே ஏறுகிறது என்று பார்த்துவிடலாம். பார்த்தால் ஒரு பலவீனமும் தெரிகிறது. திருவாலங்காட்டுச் செப்பேடு கொலைக்கு அரை நூற்றாண்டுக்குப் பின், இராசராசனின் மகன் அவையில் ஒரு வடமொழிப் புலவர் பாடியது. இராசராசனின் பெருந்தன்மையைக் காட்ட அந்தப் புலவருக்கு ஆசைப்படும் ஒரு சிற்றப்பன் தேவை. ஆசை இல்லாத இடத்தில் விட்டுக்கொடுத்தல் ஏது? அரசவைப் புகழ்ப்பாட்டின் ஒரு சொல்லைக் குற்றப்பத்திரிகையின் முதல் வரியாக்குவது அதிகம். 2ஆம் ஆண்டுக் கல்வெட்டும் ‘இப்போதுதான் நடவடிக்கை தொடங்கியது’ என்று சொல்லவில்லை. பிராமணர்களுக்குத் தானமாக விட்ட ஊரான பிரமதேயத்தின் சபையோடு சம்பந்தப்பட்ட நிலத்தைக் கைப்பற்றி விற்று முடிக்கும் வேலை முந்தைய ஆட்சியிலிருந்தே இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம்.

பண்டாரத்தாரின் மறுப்போ வேறு வகையில் பலவீனமானது. அவர் உத்தமனை விடுவிப்பது பெரும்பாலும் குணத்தைக் கொண்டு. நல்லவர்கள் இப்படிச் செய்யமாட்டார்கள், குடிகள் பொறுக்கமாட்டார்கள். அரண்மனை வரலாறு உலகெங்கும் இதற்கு எதிர்ச்சாட்சி சொல்லும். உத்தமன் செம்பியன் மாதேவியின் மகன் என்பது அவர் மனத்தில் எடை போட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காவிரிக்கரைக் கோயில்களில் அந்த அம்மையின் திருப்பணியைக் கண்ணால் பார்த்துப் பழகியவர்; பின்னால் அவர் பெயர்கொண்ட ஊருக்கே தலவரலாறு எழுதியவர். இருந்தாலும் முடிவில் நான் பண்டாரத்தார் பக்கமே நிற்பேன், அவர் சொன்ன காரணத்துக்காக இல்லாவிட்டாலும். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில் காரியங்களை விசாரிக்கும் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அண்ணனைக் கொல்வித்தவனின் மகனுக்கு, தாய்மாமன் நிலத்தைக்கூட விட்டுவைக்காத அரசன் பதவி கொடுப்பானா?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் தொடராக வந்தபின் இந்தக் கேள்வி தெருவுக்கே வந்துவிட்டது. இன்று உடையார்குடியைப் பற்றிப் பேசுபவர்களில் பெரும்பாலோர் நாவலைத்தான் பேசுகிறார்கள். இரண்டு வரலாற்றாசிரியர்களும் திறந்து விட்ட இடத்தைக் கதைக்காரர் மூடாமலே விட்டார். அது அவருடைய சாமர்த்தியம்.

இன்னொரு பிரிவு 1070இல். வீரராசேந்திரன் இறக்கிறான், மகன் அதிராசேந்திரன் மிகக் குறுகிய காலத்தில் மறைகிறான், வேங்கிச் சாளுக்கியக் குடியில் பிறந்த, முதல் இராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன் குலோத்துங்கனாக அமர்கிறான். இதற்கு நேர்முரணான இரண்டு சாட்சிகள் உண்டு. மேலைச் சாளுக்கியன் ஆறாம் விக்கிரமாதித்தன் அவையிலிருந்த பில்கணன், அதிராசேந்திரன் தன் அரசனுக்கு மைத்துனன் என்பதால், குழப்பத்தில் அவன் கொல்லப்பட்டு நாடு பறிபோனதாகப் பாடுகிறான். குலோத்துங்கன் அவையிலிருந்த செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் அதிராசேந்திரன் என்று ஒருவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஒட்டக்கூத்தரின் விக்கிரம சோழன் உலா மட்டும் இடையில் ஒருவன் ஆண்டதைப் பெயர் சொல்லாமல் தொட்டுவிட்டு நகர்கிறது. சாஸ்திரியார் இரு புலவர்களையும் கட்சிக்காரர்களாகவே நடத்தினார். பண்டாரத்தார் தமிழ் நூல்களின் சொல்லுக்கு ஒரு படி கூடுதல் நம்பிக்கை கொடுத்தார்; அதே சமயம் பரணியின் ஒவ்வொரு தாழிசையும் எந்த அரசியல் நிகழ்ச்சியைக் குறிக்கிறது என்று அவர் காட்டும் நுணுக்கம் சாஸ்திரியாரிடம் இல்லை. தமிழ் இலக்கியத்துக்குள் சாஸ்திரியார் விருந்தாளி, பண்டாரத்தார் வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்கு எந்த அறை ஒழுகும் என்று தெரிந்திருந்தும் சொல்லத் தயக்கம் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இராசேந்திரன் கடல்கடந்து வென்ற கடாரத்தைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அடுக்கும் கடல்கடந்த ஊர்ப்பெயர்களைப் பர்மா வரை கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்த காலம் இருந்தது. 1918இல் பிரெஞ்சு அறிஞர் செதேஸ் சீனக் குறிப்புகளையும் கல்வெட்டுகளையும் இணைத்து, சுமத்திராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயம் என்ற அரசையே மீட்டெடுத்தார். சாஸ்திரியார் அந்த விவாதத்துக்குள் நேரே இறங்கியவர். 1949இல் ஸ்ரீவிஜய வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். பண்டாரத்தாருக்கு அந்த முடிவு மட்டும் போதுமாக இருந்தது. அதைத் தமிழ் வாசகருக்குச் சேர்ப்பித்தார். எல்லாவற்றையும் ஒருவரே முதல்நிலையில் ஆராய்ந்துவிட முடியாது. காவிரிக் கரையில் தம் கண்ணையும் கடலுக்கு அப்பால் பிறர் கண்ணையும் நம்பியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை சொல்ல வேண்டிய இடம் ஆட்சிமுறை பற்றிய பகுதி, அதுவும் இருவரிடமும். சாஸ்திரியார் பைசாந்தியப் பேரரசோடு ஒப்பிடத்தக்க அரச ஆடம்பரத்தையும் கட்டுக்கோப்பான அதிகார வர்க்கத்தையும் கண்டார். அதன் கீழே உயிர்ப்புள்ள ஊர்ச்சபைகளையும் கண்டார். தேசிய இயக்கம் சுயராஜ்யம் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் உத்தரமேரூரின் குடவோலை அப்படித் தெரிந்ததில் வியப்பில்லை. பண்டாரத்தாரின் மூன்றாம் பகுதி அதே பொருளைத் தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்குகிறது: ஆட்சி, வரி, சமயம், கல்வி, கலை. தேடுபவருக்கு வசதி. ஆனால் தலைப்புகளுக்கிடையே என்ன ஓடுகிறது என்ற கேள்வி எழவே இல்லை. பிரமதேயத்தில் வாழ்ந்த சபையார் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்ததைப் படித்து மகிழும் இருவரும், அந்த ஊர் நிலத்தை உழுதவன் யார், அவன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது என்று அதிகம் கேட்கவில்லை.

பின்னால் கேட்டவர்கள் உண்டு. 1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் சோழர் அரசை மைய அதிகாரம் குறைந்த, கூறுகளால் ஆன அரசு என்று சொல்லிச் சாஸ்திரியாரின் கட்டடத்தை அடியோடு பெயர்க்கப் பார்த்தார். அவரே மூலக் கல்வெட்டுகளை விடப் பிறர் ஆய்வுகளை அதிகம் நம்பியவர் என்பது வேறு கதை. அதற்கு முன்பே, 1966இல், ஜப்பானிய ஆய்வாளர் நொபோரு கராஷிமா வேறொரு வழியைக் காட்டியிருந்தார். திருச்சிராப்பள்ளிக்கு அருகே காவிரியின் தென்கரையில் அல்லூர், ஈசானமங்கலம் என்று அடுத்தடுத்த இரண்டு ஊர்கள். ஒன்று வேளாண் ஊர், மற்றது பிரமதேயம். இரு ஊர்க் கல்வெட்டுகளில் யார் யாருக்கு நிலம் விற்றார் என்பதை மட்டும் வரிசைப்படுத்தினார். அல்லூரில் நிலம் ஊராரின் பொதுவில் இருந்ததும், ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்கள் கையில் இருந்ததும் தெரியவந்தது. எ. சுப்பராயலுவோடு சேர்ந்து பிறகு ஆயிரக்கணக்கான ஆட்பெயர்களையும் அவர் அப்படியே பட்டியலிட்டார்.

அல்லூர், ஈசானமங்கலக் கல்வெட்டுகள் ஒன்றும் புதிதாகக் கிடைத்தவை அல்ல. சாஸ்திரியாரின் இரண்டாம் தொகுதி வந்த அதே 1937இல், ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ எட்டாம் தொகுதியில் அவை முழு வாசகமாக அச்சேறியிருந்தன. 1955இல் தம் நூலைத் திருத்திய சாஸ்திரியார் கையருகிலும், அந்த ஆண்டுகளில் மூன்றாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்த பண்டாரத்தார் கையருகிலும் அந்தத் தொகுதி இருந்தது.